தெவான் தெருவில் தமிழ் எங்கே?

ஒரு தெருவின் உண்மையை அறிய விரும்புவோர் முதற்கண் அத் தெருவின் பெயர்ப்பலகைகளைப் படித்தல் வேண்டும். அங்கு வாழ்வோர் எங்கிருந்து வந்தனர், எதனைக் கொண்டுவந்தனர், எதனை வழியில் விட்டுவிட்டனர் என்பனவற்றை மாந்தர் வாயால் சொல்லத் தயங்குவர், பலகைகள் தயங்கமாட்டா. கடந்த கோடையில் வட அமெரிக்கத் தமிழன்பர் சிலரின் அழைப்பை ஏற்றுச் சிக்காகோ நகருக்குச் சென்றிருந்தபோது, ஒரு காரிக்கிழமை முற்பகல் முழுதும் அந் நகரின் வடகோடியிலுள்ள தெவான் தெருவில் நடந்து பலகைகளைப் படித்தோம். படித்தவற்றைத் தமிழ் மக்கள் முன் வைப்பது நம் கடமை என்று கருதுகின்றோம்.

சிக்காகோ கட்டம் போட்டு வகுக்கப்பட்ட நகர். நகர்நடுவில் ஒரு புள்ளியைச் சுழியாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு கல் தொலைவுக்கும் 800 எண்கள் என்று கணக்கிட்டு வீடுகளுக்கு எண்ணிட்டிருக்கின்றனர். தெவான் தெரு வடக்கே 6400 என்னும் எண்ணுடையது. ஆகவே சுழியிலிருந்து சரியாக எட்டுக் கல். மிச்சிகன் ஏரிக்கரையின் அருகே தொடங்கி மேற்கு நோக்கி நீளும் அத் தெருவில், வெசுட்டர்ன் சாலையைக் கடந்ததும் காற்றின் மணமே மாறிவிடுகின்றது. மல்லியும் சீரகமும் வறுபடும் மணம், சுடுநெய்யில் இனிப்பு வேகும் மணம், ஊதுவத்தி மணம். புடைவைக் கடைகள், பொன்நகைக் கடைகள், பலசரக்குக் கடைகள், இறைச்சிக் கடைகள், வழிச்செலவு முகவர் இல்லங்கள் ஆகியன ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

முதலில் அத் தெருவின் பெயரையே பார்ப்போம். அது முன்னர்ச் ‘சர்ச்சுச் சாலை’ எனப்பட்டது. 1880களில் அப் பகுதி நிலத்தை மனைகளாக்கி விற்ற சான் இலூயிசு காக்ரன் என்பவர், பிலடெல்பியா நகரையடுத்த தொடர்வண்டி நிலையம் ஒன்றின் பெயரைக் கொணர்ந்து இதற்குச் சூட்டினார். அந் நிலையத்தின் பெயரோ இங்கிலாந்து நாட்டின் ஒரு வட்டாரத்தின் பெயர். ஆக, இங்கிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கும், அங்கிருந்து சிக்காகோவுக்கும் ஒரு சொல் வழிநடந்து வந்திருக்கின்றது. குடிபெயரும் மாந்தன் தன் பெட்டியில் துணிமணிகளை மட்டும் கொண்டு செல்வதில்லை. தன் ஊர்ப்பெயரையும் கொண்டு செல்கின்றான். சென்ற இடத்தில் அப் பெயரை மண்ணில் ஊன்றுகின்றான். அவ்வாறு ஊன்றத் தெரிந்தவன் நிலைக்கின்றான், தெரியாதவன் கரைகின்றான். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டு மேலே நடப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத் தெரு பெரும்பாலும் யூதர்களுக்குரியதாக இருந்தது. அவர்கள்தம் அடுமனைகளும் புத்தகக் கடைகளும் வழிபாட்டிடங்களும் இங்கு நிறைந்திருந்தன. பின்னர் அவர்களுள் பலர் இசுகோக்கி முதலிய புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். காலியான கடைகளில் நம் துணைக்கண்டத்தார் வந்தமர்ந்தனர். இன்றும் தெருவின் மேற்குப் பகுதியிலும் அதனையடுத்த தெருக்களிலும் யூத மரபு வழுவாத குடும்பங்கள் வாழ்கின்றன. ஓய்வுநாள் ஆகையால் கருநிற மேலாடையுடன் வழிபாட்டுக்கு நடந்து செல்லும் யூத முதியவரையும், எதிரே முக்காடிட்டுக் காய்கறிப் பையுடன் வரும் ஐதராபாத்து அம்மையாரையும் ஒரே நடைபாதையிற் கண்டோம்.

நம்மவர் அங்கு வந்த கதை எளிதன்று. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியினர்க்கு அமெரிக்கக் கதவை அடைத்தது. 1923-ஆம் ஆண்டு, பகத்து சிங்கு திந்து என்னும் சீக்கியர்க்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ ஆகார் என்றும், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்றும் அந் நாட்டின் உச்ச முறைமன்றம் தீர்ப்புரைத்தது. அத்தனைக்கும் அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர்! 1946-ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சற்றே திறந்தது. அப்பொழுதும் ஆண்டுக்கு நூற்றுவர் என்பதே கணக்கு. 1965 அத்தோபர் 3-ஆம் நாள், விடுதலைச் சிலையின் அடியில் அமர்ந்து குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் கையெழுத்திட்ட சட்டமே பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்யும் பழைய முறையை ஒழித்தது. மருத்துவரும் பொறியாளரும் அறிவியலாளரும் முதலில் வந்தனர். பின்னர் அவர்தம் உடன்பிறந்தாரும் உறவினரும் வந்தனர். முன்னவர் மருத்துவமனைகளிலும் தொழிலகங்களிலும் அமர, பின்னவருட் பலர் கடை வைத்தனர்.

1974-ஆம் ஆண்டு குசராத்தைச் சேர்ந்த பட்டேல் உடன்பிறந்தார் இத் தெருவில் ஒரு சிறு பலசரக்குக் கடை திறந்தனர். அன்று, ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் துவரம்பருப்புக்கும் புளிக்கும் ஏங்கிக் கிடந்த காலம். இன்று அக் கடை ‘பட்டேல் பிரதர்சு’ என்னும் பெயரில் அமெரிக்க நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளைகளாகப் படர்ந்துள்ளது. அமெரிக்க நகைக்கடைகளில் இருபத்து நான்கு பங்கில் பதினான்கு பங்கு பொன்னுள்ள நகையே பெரிதும் விற்கப்படுவது. நம் பெண்டிரோ இருபத்திரண்டு பங்கினும் குறைந்ததைப் பொன் என்றே ஏற்கமாட்டார். ஆகவே பொற்கடைகள் வந்தன. அமெரிக்க வீடுகளில் ஓடும் மின்னழுத்தம் 120 அளவு. நம் நாட்டிலோ 230. விடுமுறைக்கு ஊர் செல்வோர் அம்மாவுக்கு ஓர் அரைப்பானும் தம்பிக்கு ஓர் ஒலிப்பேழைக் கருவியும் வாங்கிச் செல்ல விரும்பினர். எனவே, அமெரிக்காவில் எந்த வீட்டிலும் நேரே பொருத்தவியலாத 220 அளவு மின்கருவிகளை அமெரிக்க மண்ணிலேயே விற்கும் கடைகள் தோன்றின! இங்கு வாழ்ந்துகொண்டே அங்கு வாழும் மனத்தை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று வேறு இல்லை. நம் நாட்டிலேயே எல்லாம் கிடைக்கத் தொடங்கியபின் அக் கடைகள் மங்கின.

இனி, கம்பங்களின் மேலுள்ள பழுப்புநிறப் பலகைகளைப் பாருங்கள். சிக்காகோ நகராட்சி, தெருவின் பழைய பெயரை மாற்றாமலே சிறப்புப் பெயர் சூட்டும் வழக்கமுடையது. தெவான் தெருவின் ஒரு பகுதி காந்தியார் பெயரைத் தாங்குகின்றது. மற்றொரு பகுதி முகம்மது அலி சின்னாவின் பெயரைத் தாங்குகின்றது. வங்க நாட்டின் விடுதலைத் தலைவர் சேக்கு முசிபுர் பெயரும் உண்டு. இசுரேலின் தலைமையமைச்சராக இருந்த கோல்டா மேயர் பெயரும் உண்டு. 1947-இலும் 1971-இலும் குருதிப் பெருக்கால் பிரிந்த நாடுகள், இங்கே சில நூறடித் தொலைவில், ஒரே தெருவில், ஒரே தொட்டியில் குப்பை கொட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஆகத்துத் திங்களில் இந்தியர்க்கு ஓர் ஊர்வலம், பாக்கித்தானியர்க்கு ஓர் ஊர்வலம். ஆயினும் பாக்கித்தானியர் கடையில் இந்தியர் உண்கின்றார். இந்தியர் கடையில் வங்க நாட்டவர் மீன்சரக்கு வாங்குகின்றார். எல்லைக்கோடு தாளில் கிழிக்கப்படுவது. பசிக்குக் கோடு இல்லை.

சரி, இத்தனைப் பலகைகளுக்கிடையே தமிழ் எங்கே?

யாம் தேடினோம். ஆங்கில எழுத்து எங்கும் உண்டு; அது அந் நாட்டின் வழக்கு; குறை கூறற்கில்லை. ஆங்கிலத்தின் அருகே உருது எழுத்தைக் கண்டோம். வங்காள எழுத்தைக் கண்டோம். இந்தி எழுத்தையும் குசராத்தி எழுத்தையும் கண்டோம். எபிரேய எழுத்தையும் கண்டோம். யாம் நடந்த தொலைவில் கடைமுகப்பில் ஒரு தமிழெழுத்தையும் கண்டோமில்லை. நம் இட்டலியும் தோசையும் இத் தெருவில் நெடுங்காலம் விற்றவை. ஆனால் அவற்றை விற்ற கடைகள் பெயர்பெற்றது உடுப்பியின் பெயராலும் மைசூரின் பெயராலுமே. கன்னட உடன்பிறப்புகள்பால் நமக்குப் பொறாமை இல்லை, தம் ஊர்ப்பெயரைத் தயங்காமல் எழுதியவர் அவர், எழுதாதவர் நாம்.

விந்தை யாதெனில், தமிழ்ச்சொல் அத் தெருவெங்கும் இருக்கின்றது! உணவுக்கடைகளின் பலகைகளிலும் விலைப்பட்டிகளிலும் காணும் ‘கறி’ என்னும் சொல் நம் கறியே. ‘மேங்கோ’ என்பது போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்ற மாங்காய். ‘மலகத்தானி’ என்று எழுதி விற்கும் சாறு நம் மிளகுதண்ணீர். சொல் கப்பலேறிச் சென்றது. எழுத்துக் கரையிலேயே நின்றுவிட்டது. பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெற்றவள் பெயரை அனுப்பாத கதை இது.

நண்பர் குடும்பத்துடன் ஒரு பெருங்கடைக்குள் நுழைந்தோம். விருதுநகர் நல்லெண்ணெயும் ஈரோட்டுப் பொடிகளும் அடுக்கில் இருந்தன. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் இருந்தன. கறிவேப்பிலையும் இருந்தது, எலுமிச்சை இனத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறுபூச்சி அதில் தங்குமென்பதால் அயல்நாட்டிலிருந்து அதனைப் பையில் எடுத்துச் செல்ல அமெரிக்க அரசு விடாது. நண்பரின் மகள், பன்னிரண்டு அகவைச் சிறுமி, ஞாயிறுதோறும் தமிழ்ப்பள்ளி செல்பவள், ஒரு மாவுப் பொதியைக் கையிலெடுத்தாள். மேலே பெரிய ஆங்கில எழுத்து. கீழே எறும்பளவில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “கே... ழ்... வரகு. தாத்தா, கேழ்வரகு என்றால் என்ன?”

“உன் அம்மா கூழும் களியும் ஆக்கித் தருவாரே, அந்த மாவுதான் அம்மா.”

“அது ராகி அல்லவா? வீட்டில் ராகி என்றுதானே சொல்வோம்?”

தாய் தலைகுனிந்தார். யாம் அவரைக் கடிந்தோமில்லை. கடிவதற்கு நமக்கு என்ன உரிமை? கேழ்வரகு விளையும் நம் நாட்டிலேயே எத்தனைத் தாய்மார் அதனைக் கேழ்வரகு என்கின்றனர்? ஆனால் அச் சிறுமி, வாயில் வழங்காத சொல்லைப் பொதியிலிருந்து மீட்டெடுத்தாள். எறும்பளவேனும் அங்கே தமிழ் எழுதப்பட்டிருந்ததால்தான் மீட்க முடிந்தது. எழுத்து இருந்தால் சொல் ஒருநாள் திரும்பும். எழுத்தும் இல்லையேல் அது திரும்பும் வழி ஏது?

அடுத்து நிகழ்ந்ததுதான் யாம் இவ் ஆசிரியவுரையை எழுதத் தூண்டியது. காய்கறிப் பகுதியில் முதுமையடைந்த கடைக்காரர் ஒருவர் நின்றார். குசராத்தியர். நண்பரின் துணைவியார் கீரைக்கட்டின் ஆங்கிலப் பெயரைத் தேடித் தடுமாறியபோது, அவர் சிரித்துக்கொண்டே, “முருங்கைக்கீரை நாளை வரும் அம்மா” என்று தமிழில் சொன்னார்! வியந்து, எங்கே கற்றீர் என்று கேட்டோம். பல ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ் மூதாட்டி ஒருவர் வருவாராம். அவர்க்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. கடையின் நடுவே நின்று முருங்கைக்கீரை, வாழைப்பூ, சேப்பங்கிழங்கு என்று உரக்கச் சொல்வாராம், கையால் காட்டுவாராம், கொடுக்கும்வரை நகரமாட்டாராம். “அந்த அம்மாவுக்காகக் கற்றேன். இப்பொழுது வருபவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் கேட்கின்றார்கள். புதுச் சொல் ஒன்றும் கற்கவில்லை” என்றார்.

தமிழரே, இச் சொல்லை மீண்டும் ஒருமுறை படியுங்கள். படிப்பறியா ஒரு மூதாட்டி, தன் மொழியன்றி வேறு மொழி அறியாத குற்றத்தால், எண்ணாயிரம் கல்லுக்கு அப்பால் ஒரு வணிகர்க்குத் தமிழ் கற்பித்தார். பட்டம் பல பெற்ற நாம், மூன்று மொழி அறிந்த பெருமையால், அக் கல்வியை நிறுத்திவிட்டோம்!

வணிகர்க்கு மொழிப்பகை இல்லை. வாங்குவோர் எம்மொழியிற் கேட்கின்றாரோ அம்மொழியில் விற்பார்; எவ்வெழுத்தைப் படிக்கின்றாரோ அவ்வெழுத்தை எழுதுவார். தெவான் தெருவில் உருதுப் பலகை நிற்பது ஒரு சட்டத்தால் அன்று. வங்காளப் பலகை நிற்பது ஓர் ஆணையால் அன்று. படிப்பவர் இருக்கின்றனர், அதனால் எழுதுபவர் இருக்கின்றனர். அவ்வளவே. கடைத்தெருவில் மொழியை ஆள்பவர் விற்பவரல்லர்; வாங்குபவர்.

‘ஆங்குள்ள தமிழர் சிலரே, பெரும்பாலோர் நேப்பர்வில்லு, சாம்பர்க்கு முதலிய புறநகர்களில் வாழ்வோர், கடை வைத்தவரும் அல்லர், அவரைக் குறைகூறல் தகுமோ?’ என்று கேட்பார் உண்டு. கேள்வியில் உண்மையுண்டு. மேலும், அவர்கள் வாளாவிருந்தவரும் அல்லர். சிக்காகோத் தமிழ்ச் சங்கம் 1969-இலேயே தோன்றியது. பட்டேல் கடைக்கு ஐந்தாண்டு மூத்தது. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பேரவை 1987-இல் உருவாயிற்று. பத்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 2019 சூலையில் சிக்காகோவிற்றான் கூடியது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழிருக்கை அமையத் தமிழ் மருத்துவர் இருவர் முன்னின்று முயற்சி தொடங்க, உலகத் தமிழரும் தமிழ்நாட்டரசும் கைகொடுக்க, 60 இலக்கம் தாலர் 2018-இல் நிறைவெய்தியது. இவையெல்லாம் போற்றத்தக்க பணிகள். தலைவணங்குகின்றோம்.

அச் சிக்காகோவிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. 1962-இல் அந் நகர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஏ.கே. இராமானுசன், நூலகத்தின் நிலவறையில் உ.வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். மைசூரில் தமிழ்க்குடும்பத்திற் பிறந்த அவர், தம் முன்னோரின் பாட்டைக் கடல்கடந்து ஓர் இருட்டறையில் கண்டார். ஐந்தாண்டுக்குப் பின், 1967-இல், அக் குறுந்தொகைப் பாக்கள் சில அவர்தம் ஆங்கிலப் பெயர்ப்பாய் வெளிவந்து உலகை வியக்கவைத்தன. நூலை அங்கே கொண்டுபோய் வைத்த கை எதுவோ, அக் கைக்கு இவ் உலகம் கடன்பட்டது. ஒருவர் வைத்தால் மற்றொருவர் எடுப்பார்.

ஆயினும் ஒன்றை ஓர்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருக்கை பெற்ற மொழி, அடுப்பங்கரையில் இருக்கை இழக்குமாயின் என்ன பயன்? இலத்தீனத்துக்கு எத்தனைப் பல்கலைக்கழகங்களில் இருக்கை உண்டு! எந்த வீட்டில் அதற்கு அடுப்பு உண்டு? மாநாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். கீரை கிழமைதோறும் வாங்கப்படும். மொழி கிழமைதோறும் வாழ்வது.

அதே தெருவில் கண்ட மற்றொரு காட்சியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016-இல் உரோகிங்கியா மக்கள் தங்களுக்கென ஒரு பண்பாட்டு நடுவத்தை இங்கே திறந்தனர். பர்மா அரசின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கப்பட்டவர். ஊர்கள் எரிய, கடலிலும் காட்டிலும் அலைந்து, ஏதிலியராக வந்தவர். பட்டமில்லை, பணமில்லை, கைப்பெட்டியும் இல்லை. அவர்கள் வந்ததும் ஒரு கூரையைத் தேடித் தங்கள் இனப்பெயரை அதில் எழுதினர். நாடிழந்தவர்க்குப் பெயரின் அருமை தெரிகின்றது. ஈழத்திலிருந்து உயிர்காத்து ஓடி, பாரிசிலும் தொரந்தோவிலும் கடைமுகப்பில் தமிழெழுத்தை நாட்டிய நம் உடன்பிறப்புகளுக்கும் அது தெரிந்தது. எல்லாம் இருக்கின்றது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்க்கே அது தெரியவில்லை.

ஆகவே அமெரிக்கத் தமிழரை நோக்கி மட்டும் விரல் நீட்டோம். நீட்டிய விரல் ஒன்றாயின் நம்மை நோக்கி மடிந்தவை மூன்று. தமிழ்நாட்டில் கடைப்பலகைகளில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்னும் விதி உண்டு. விதி இருந்தும், சென்னைத் தெருவில் தமிழெழுத்தில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. அங்கே எழுத்தில்லாச் சொல். இங்கே சொல்லில்லா எழுத்து. தெவான் தெருவில் ‘கறி’ என்னும் நம் சொல் அயலெழுத்தில் வாழ்கின்றது. நம் தெருவில் அயற்சொல் நம் எழுத்தில் குடியிருக்கின்றது. எது பெருங்கேடு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

செய்யத்தக்கது என்ன? பெருஞ்செலவு வேண்டா, ஊர்வலம் வேண்டா. எங்கிருந்தாலும், கடைக்குச் செல்லுங்கால், வாங்கும் பொருளை முதலில் அதன் தமிழ்ப்பெயரால் கேளுங்கள். விளங்காவிடின் கையால் காட்டுங்கள். பின்னர் மீண்டும் தமிழ்ப்பெயரைச் சொல்லுங்கள். பொதியில் தமிழ் இல்லையெனில், ஆக்கிய நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுதுங்கள். எறும்பளவில் இருந்தால், யானையளவில் ஏன் இல்லை என்று கேளுங்கள். வீட்டில் குழந்தைக்கு ஊட்டும்போது, ஊட்டும் உணவின் தமிழ்ப்பெயரையும் சேர்த்து ஊட்டுங்கள். அயலகத்தில் கடை வைக்கும் தமிழர் ஒருவரேனும் இருப்பின், ஆங்கிலத்தோடு தமிழையும் முகப்பில் எழுதச் சொல்லி, அக் கடையிலேயே வாங்குங்கள்.

தெவான் தெருவிலிருந்து 155 எண் பேருந்தில் ஏறித் திரும்பினோம். அச் சிறுமி தன் மடியில் வைத்திருந்த மாவுப் பொதியின் மேல் விரலை ஓட்டி, கேழ்வரகு, கேழ்வரகு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ழகரம் முதலில் வழுக்கியது. மூன்றாம் நிறுத்தத்துக்குள் நாவில் அமர்ந்துவிட்டது.

அக் குழந்தைக்கு மூன்று நிறுத்தம் போதுமானதாயிற்று. நமக்கு எத்தனை வேண்டும்?